கைக்கு வாரன்டி இல்லை

அத்தியாயம் 6

சுந்தரராஜின் வலது கையில் மிச்சமிருந்தவை கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான். நடுவில் இருந்தவை பாலகாட் மில் யார்டில், துருப்பிடித்த தண்டவாளங்களுக்கு இடையே எங்கோ போய்விட்டன. கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன குழந்தையைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி ஜெயம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவளுடைய அண்ணன் ராஜேந்திரன் ஸ்டூலில் உட்கார்ந்து, கேரியரின் மேல்தட்டில் ரசம் சோறு பிசைந்து, உருட்டி உருட்டித் தங்கை புருஷனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். நகங்களின் ஓரத்தில் போகாத கறுப்பு. ஆனால் உருண்டைகள் அளவாக, அழகாக இருந்தன. ஒரு ஆண் இன்னொரு ஆணுக்குச் சோறூட்டுவதை இந்துமதி அதிகம் பார்த்ததில்லை. வார்டில் நுழைந்ததும் அவளுக்குப் பிடித்துப்போன ஒரே காட்சி அதுதான்.

இந்துமதி துப்பறிபவள். அப்பா இன்ஜினீயரிங் ஃபாக்டரி வேலைக்காகத் திருச்சியிலிருந்து இந்தச் சுரங்க ஊருக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். அவள் படிப்பு முடித்து, பெங்களூரில் சில வருஷம் பிறருடைய குடும்ப ரகசியங்களைத் தோண்டிச் சலித்து, ஊருக்கே திரும்பிவிட்டாள். இந்த வழக்கில் அவளை அமர்த்தியது சுந்தரராஜின் வக்கீல்.

விஷயம் இதுதான். தங்கச் சுரங்கம் மூடியபின், தாது அரைத்த மில் யார்டைக் காக்க ஒரு தனியார் செக்யூரிட்டி ஏஜென்சி வந்தது. சுரங்கத்தில் வேலை போன சுந்தரராஜ் அதில் காவலாளியானான். இரும்பு திருட ஆட்கள் சுவர் ஏறிக் குதித்தபோது வானத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டான். துப்பாக்கிக் குழலின் அடிப்பக்கம் பிளந்து வெடித்தது. துப்பாக்கி விற்றவர்கள் சொன்னது: இவன் தோட்டாவைப் பிரித்து, சுரங்கத்தில் திருடிய வெடிமருந்தை அடைத்திருக்கிறான். போலீஸும் அதை நம்பியது. மறுநாள் காலை வழக்குப் பதிவாகிவிட்டால் நஷ்டஈடு இல்லை. கட்டுப் பிரிக்கும் முன்பே ஜெயில்.

"மருந்து அடைச்சீங்களா?" என்று நேராகவே கேட்டாள்.

"இன்னா மேடம் நீங்க! அண்டர்கிரவுண்டுல வேல செஞ்சவன் நானு. அந்த மருந்தக் கையால தொட்டாலே மண்ட ரெண்டா பொளக்கும், அப்படி ஒரு தலவலி. அத்தப் போயி நானே தோட்டாவுல போட்டுக்குவனா?"

"துப்பாக்கி எப்படி?"

"மொதல்ல குடுத்தது ஷேர்தில்னு ஒண்ணு. சுட்டா கன்னத்துல நெருப்பு அடிக்கும். தொடச்சிப் பாத்தேன். குழலுக்கு அடியில முடியாட்டம் ஒரு கீறல். சூப்ரவைசராண்ட போயி, இத்த நான் தொடமாட்டேன்னு சொல்ட்டேன். வாரன்டி கீதுன்னு எடுத்துனு போனாங்க. அப்பால வஜ்ரபாண் வந்துச்சி. வேற கம்பெனி. புதுசு மேடம், கறுப்புக் கண்ணாடியாட்டம் பளபளன்னு! கம்ப்ளெயின்ட் பண்ணவன் நீதானேன்னு எனக்குத்தான் மொதல்ல குடுத்தாங்க."

ராஜேந்திரனின் கை உருண்டையோடு பாதியில் நின்றது.

"காரமா, மாப்ள?" என்றான்.

"இல்ல மச்சான், குடு."

ஊட்டி முடித்ததும் ராஜேந்திரன் எழுந்தான். "நான் கெளம்பறேன் ஜெயா. பங்காரப்பேட்டைக்குப் போவணும், மெஷின் கட மொதலாளி கத்துவாரு. கேரியர சாயந்திரம் வந்து எடுத்துக்கறேன்." பிறகு இந்துமதியிடம் கையெடுத்துக் கும்பிட்டான். "எப்படியாவது எங்க மாப்ளய காப்பாத்தி உடுங்கம்மா."

ஜெயம்மா கேரியர் மூடியைத் துடைத்துக் கவிழ்த்தாள். மூடியின் மேல் புள்ளி புள்ளியாய் ஒரு எண் குத்தியிருந்தது: 9127. குத்தி வருஷக்கணக்காகியிருக்கும் போலிருந்தது. இந்துமதி அதைப் பார்த்தாள். பார்த்ததை மறந்தும் போனாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மரியகுழந்தை ஸ்கூட்டர் மேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளுடைய உதவியாளர். சுரங்கத்தில் கேஜ் ஓட்டியவர். ஆட்களைப் பூமிக்கடியில் இறக்கி, இறக்கிய கணக்குக்குக் குறையாமல் மேலே ஏற்றுவதுதான் வேலை. பெரிய வயிறு, சின்ன மீசை. ஆஸ்பத்திரி வாசனை ஆகாது என்று உள்ளே வரமாட்டார்.

"எந்த லெவலுக்கு மேடம்?" என்றார், ஸ்கூட்டரை உதைத்தபடி.

"ராபர்ட்சன்பேட்டை. துப்பாக்கிக் கடை."

"இறங்கற எடம் தெரிஞ்சிபோச்சி. மேல வர்றதுதான் சந்தேகம்."

சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று வெளுத்த மண்ணை வாரிக் கொண்டுவந்து முகத்தில் அடித்தது. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். மரியகுழந்தையின் வாயை மூடவைக்கும் சக்தி இந்த ஊரில் அந்தக் காற்றுக்கு மட்டுமே உண்டு.

கடைக்காரர் நாகேஷ் நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நெற்றியில் குங்குமம், மேஜைமேல் பூ வைத்த சாமி படம், சாமிக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் வரிசையாய்த் துப்பாக்கிகள். வந்தவர்களைக் கேட்காமலே பாதாம் பால் வரவழைத்தார்.

"பாவம் அந்த மனுஷன். கேட்டதுலேர்ந்து எனக்கு ஊட்டா, சாப்பாடே எறங்கல மேடம்," என்றார், ஏலக்காயை மென்றபடி. "ஆனா வெடிமருந்து போட்டா எந்தக் குழல் தாங்கும்?"

"அதுக்கு முன்னாடி ஷேர்தில்லயும் கீறல் விட்டிருக்கே."

"அது வேற கம்பெனி. மூடிட்டாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"ஜங்பகதூர். அதுவும் வேற கம்பெனி."

"மூடிட்டாங்களா?"

"மூடிட்டாங்க."

மரியகுழந்தை கடையின் மூலையில் மடித்து அடுக்கியிருந்த புது அட்டைப்பெட்டிகளை எட்டிப் பார்த்தார். பச்சை நிறம், பாயும் புலிப் படம். அலமாரியில் இருந்த வஜ்ரபாண் பெட்டியிலும் அதே பச்சை, அதே புலி. புதுப் பெட்டிகளில் பெயர் மட்டும் ராணாகிங் என்றிருந்தது.

"இது, சார்?"

"அடுத்த மாசம் வர்ற சரக்கு. வேற கம்பெனி."

"புலி மட்டும் எல்லா கம்பெனிக்கும் வேலைக்குப் போவுதா? பாவம் சார், அதுக்கு ஓவர்டைம் குடுங்க."

நாகேஷ் சிரித்தார். கோபப்படவே தெரியாத சிரிப்பு. "பாருங்க மேடம், ஒளிவுமறைவு இல்லாமச் சொல்றேன். மைன் மூடினதும் செக்யூரிட்டி ஏஜென்சிங்க காளான் மாதிரி முளைச்சிடுச்சு. அவங்களுக்கு வேண்டியது விலை கம்மியா ஒரு துப்பாக்கி. தோள்ல மாட்டினா துப்பாக்கியாத் தெரியணும், அவ்வளவுதான். சுடறதுக்கா வாங்கறாங்க? எவனோ ஒருத்தன் நிஜமாவே சுட்டுட்டான்னா, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

இந்துமதி தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கோபம் வந்தால் கத்தலாம், மேஜையைத் தட்டலாம். இது வேறு ஏதோ. குடித்த பாதாம் பால் நாக்கின் பின்புறம் ஒரு படலமாய் ஒட்டிக்கொண்டு, விழுங்க விழுங்க மேலே வந்தது. டம்ளரைத் தள்ளிவைத்தாள்.

"வாரன்டி கார்டு?"

பளபளப்பான அட்டையை எடுத்து நீட்டினார். மரியகுழந்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். "குழலுக்கு ஒரு வருஷம். கட்டைக்கு ஆறு மாசம். வாங்கினவரோட ஒடம்புக்கோ, ஒடம்பு பாகத்துக்கோ நேர்ற சேதத்துக்கு இது பொருந்தாது." கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். "அப்ப கைக்கு வாரன்டி இல்ல. கைப்பிடிக்கு?"

"கட்டைல சேர்ந்தது. ஆறு மாசம்," என்றார் நாகேஷ், உண்மையாகவே உதவுகிறவரைப் போல.

"கீறல் விட்ட துப்பாக்கி வந்தா என்ன செய்வீங்க? இங்கயே ரிப்பேரா?"

"சேச்சே! அதெல்லாம் வடக்கே ஃபாக்டரிக்கு அனுப்பிடுவோம். பதிலுக்கு வர்ற புதுசு, சீல் வெச்ச டப்பாவோட கைமாறும். இந்த ஊர்ல ஒரு ஸ்க்ரூவைக் கூட யாரும் திருப்பறதில்லை. போலீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

அவர் பேசிக்கொண்டிருந்தபோது பின்பக்கத்திலிருந்து இரும்பை ராவும் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. இந்துமதி தலையைத் திருப்பினாள். சத்தம் நின்றது.

"அது என்ன?"

"பக்கத்துல சாவிக்கடை மேடம்."

வெளியே வந்ததும் மரியகுழந்தை இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் வெற்றிலைக் கடை. மறுபக்கம் வெறும் சுவர்.

"இந்த ஊருல இப்ப வெத்தலையக் கூட அரம் போட்டு ராவித்தான் தர்றானுங்க போல," என்றார்.

இந்துமதி தெருக்குழாயில் வாய் கொப்பளித்தாள். "மரியண்ணா, துப்பாக்கியைப் பார்க்கணும்."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மரியாதைக்காரர். கன்னடமும் தமிழுமாகப் பேசினார். வக்கீலின் கடிதத்தைப் படித்துவிட்டு, துப்பாக்கியை எடுத்துவரச் சொன்னார்.

"பாத்துக்கோங்க மேடம். ஆனா ப்ரயோஜனா இல்லை. நாளைக்கு பெளிகே, காலையிலயே கேஸ் போட்டுடுவேன். மருந்து அடைக்கறதைக் கண்ணால பாத்த சாட்சி இருக்கு."

"யாரு?"

"வீட்டு மனுஷரே. பேர் சொல்ல மாட்டேன். அழுதுக்கிட்டே சொன்னார், பாவம். சொந்தக்காரன் மேல பொய் சொல்லி யாராவது அழுவாங்களா?"

பழைய பேப்பரில் சுற்றியிருந்த துப்பாக்கியைக் கான்ஸ்டபிள் மேஜைமேல் வைத்தார். பின்புறத்தில் தங்க எழுத்தில் வஜ்ரபாண். குழலின் அடிப்பக்கம் வாழைப்பூ மடல்போல் விரிந்திருந்தது. இந்துமதிக்கு அதைத் தொடவே கூசியது. இத்தனை மட்டமான ஒரு பொருளை இத்தனை அக்கறையாக மினுக்கியிருந்தார்கள். அப்பா ஃபாக்டரியிலிருந்து வரும்போது சட்டைப்பையில் இருக்கும் சின்ன உருளைகள் ஞாபகம் வந்தன. மயிரிழை அளவு தவறியதற்காக ஒதுக்கப்பட்டவை. அவள் அவற்றை வைத்து விளையாடியிருக்கிறாள். தவறிய பொருளைக் குழந்தையின் கையில்தான் கொடுக்கலாம் என்பது அவள் வளர்ந்த வீட்டின் வழக்கம்.

"முன்கட்டையைக் கழட்டலாமா, சார்?"

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். மரியகுழந்தை குழலுக்கு அடியிலிருந்த மரக்கட்டையின் ஸ்க்ரூவைத் திருப்பி, கட்டையைப் பிரித்தெடுத்தார். கட்டை மறைத்திருந்த இடத்தில் கறுப்பு மினுக்கல் அவ்வளவாக ஏறவில்லை. வெடிப்பு எங்கே தொடங்கியதோ அங்கே, முடி அகலத்துக்கு ஒரு வெளிறிய கோடு. பழைய காயத்துக்குத் தையல் போட்டதுபோல.

"வெல்டு," என்றார் மரியகுழந்தை. "கீறல அடைச்சி மேல ராவி உட்டுகீறானுங்க."

முடியாட்டம் ஒரு கீறல். சுந்தரராஜ் சொன்ன அதே இடம். எவன் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தானோ, அவனிடமே அதே துப்பாக்கி பெயர் மாறித் திரும்பி வந்திருக்கிறது. புகார் செய்தவன் என்பதால் முதல் மரியாதையாக.

"வெல்டு ஃபாக்டரில நடந்திருக்கலாம்," என்றார் இன்ஸ்பெக்டர், மெல்ல. "அதை வெச்சு நாகேஷைப் பிடிக்க முடியாது. சாட்சியும் பொய்யாகாது."

மரியகுழந்தை குழலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்திருந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சார், இது எங்க செஞ்ச துப்பாக்கி?"

"வடக்கே. சீல் டப்பா."

"அந்த ஊருலயும் நம்ம மைன் ஷாஃப்டு இறங்குதா, சார்? இத்தப் பாருங்க."

வெல்டுக்கு இரண்டு விரல் தள்ளி, இரும்பில் புள்ளி புள்ளியாய் ஒரு எண்.

"டோக்கன் நம்பரு சார். கீழ எறங்கறவனுக்கும் சரி, மேல ஒர்க்‌ஷாப்புல இருக்கறவனுக்கும் சரி, மைன்ல அதான் பேரு. ஒர்க்‌ஷாப்புல எவன் எந்தச் சாமான்ல கைய வெச்சாலும், வேல முடிஞ்சதும் ஓரமா தன் நம்பரப் பஞ்ச்சால குத்திடுவான். நாளைக்கு அது ஒடஞ்சி என் கேஜு ஆளுங்களோட கீழ போச்சின்னா, இது யாரு வேலைன்னு கேக்கும்போது 'நான்'னு சொல்ல ஒருத்தன் வேணும்ல? அப்பறம் அது கைப்பழக்கமாயி ஊரையே புடிச்சிக்கிச்சி. எங்க வூட்டுல தோசக்கல்லு, ஸ்கூட்டரு, சர்ச்சுக்குக் குடுத்த மெழுகுவத்தி ஸ்டாண்டு, எல்லாத்துலயும் என் நம்பர். என் சம்சாரம் காத மூடினுதான் தூங்கும், எப்ப குத்துவேனோன்னு."

"சுந்தரராஜும் மைன்காரன்தானே? அவனே குத்தியிருக்கலாமே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவன் அண்டர்கிரவுண்டு சார். அவங்க நம்பரு நாலுல ஆரம்பிக்கும். ஒம்போதுல ஆரம்பிச்சா ஒர்க்‌ஷாப்பு. இது ஒம்போது." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "ஒம்போது, ஒண்ணு, ரெண்டு, ஏழு."

இந்துமதி எழுந்து ஜன்னலருகே போனாள். அந்த எண்ணைக் காலையில் கேரியர் மூடியில் பார்த்திருந்தாள். ஆனால் அவள் கண்முன் தெரிந்தது எண் அல்ல. ரசம் சோறு. அளவான, அழகான உருண்டைகள்.

"மேடம்? இன்னா ஆச்சி?"

"சார்," என்றாள், இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்க்காமலே. "அழுதுக்கிட்டே சாட்சி சொன்னவருக்கு நகமெல்லாம் கறுப்பா இருந்துதா?"

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத் தாளை வெடுக்கெனக் கவிழ்த்து வைத்தார். அது போதுமானதாயிருந்தது.

மறுபடியும் குழாய். இந்த முறை கை கழுவினாள். அவள் கையில் எதுவும் படவில்லைதான். ஆனாலும் ஸ்டேஷன் வளாகத்துக் குழாயடியில் மணிக்கட்டுவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நாகேஷைப் பற்றி நினைப்பது சுலபம். அவருடைய சிரிப்பைப் பார்த்ததும் இவர் இப்படித்தான் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் காலையில் அந்த வார்டில் தனக்குப் பிடித்துப்போன ஒரே காட்சி? பிறரைப் பற்றி தான் எடுக்கும் முடிவுகளை அவள் பெரிதும் நம்பிப் பிழைக்கிறவள். அந்த நம்பிக்கையிலும் இப்போது எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

சாயந்திரம், பார்வையாளர் நேரம். வார்டுக்கு வெளியே வராந்தாவில் அவளும் மரியகுழந்தையும் காத்திருந்தார்கள். வாசனை ஆகாத மனிதர், கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, கேரியர் மூடியின் எண்ணையும் பார்த்துவிட்டார். ராஜேந்திரன் படியேறி வந்தான்.

"மெஷின் கட மொதலாளி கத்தினாரா?" என்று கேட்டாள் இந்துமதி.

"ஆமாம்மா. லேட்டாயிடுச்சி."

"நாங்க நாகேஷ் கடைக்குப் போனோம். பின்னாடி யாரோ ராவிக்கிட்டு இருந்தாங்க. நான் திரும்பினதும் நிறுத்திட்டாங்க."

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். நகங்கள் மறைந்தன.

"துப்பாக்கியோட முன்கட்டையைக் கழட்டிப் பாத்தோம். உங்க நம்பர் இருக்கு."

"என் நம்பர எவன் வேணா குத்தலாம்."

"குத்தலாம்பா," என்றார் மரியகுழந்தை. "கேரியர்ல இருக்கற அதே வளைஞ்ச ஏழு போட்டு, அதே மாதிரி ஒம்போதுக்கு வால் உட்டு, எவன் வேணா குத்தலாம். ஆனா அம்மாம் வேல மெனக்கெட்டு செய்யறவன் வெல்டயும் ஒழுங்கா வெச்சிருப்பான்."

அந்த வார்த்தை எங்கே பட்டதோ, ராஜேந்திரன் சட்டென நிமிர்ந்தான். "நான் ஒழுங்காத்தான் வெச்சேன்! அந்த இரும்பே சரியில்லண்ணா. வெல்டு வெக்கற இரும்பா அது? தகரம்! நாகேஷாண்ட சொன்னேன், இது தாங்காது, தூக்கிப் போட்ருங்கன்னேன். ஃபாக்டரிலேர்ந்து வர்றதே பேரு அடிக்கற அச்சும் அட்டைப்பொட்டியும்தான். பழச இங்கயே ராவி, பேர மாத்தி, கறுப்பு போட்டுக் குடுன்னாரு. எவன் சுடப் போறான்னாரு." மூச்சு வாங்கினான். பிறகு, குரல் இறங்கி, "அது மாப்ளைக்குத்தான் வரும்னு எனக்குத் தெரியாதும்மா," என்றான்.

"வேற எவனுக்காவது போயிருந்தா?"

கேட்டது இந்துமதி அல்ல. வார்டு வாசலில், கழுவிய கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெயம்மா நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. கேரியரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஜெயா..."

"வேற எவன் கையாவது போயிருந்தா, நீ ராத்திரி நல்லாத் தூங்கியிருப்ப. இல்லண்ணா?"

அவன் சுவரில் சாய்ந்தான்.

"வெடிச்சதும் தெரிஞ்சுபோச்சு உங்களுக்கு," என்றாள் இந்துமதி. "காலைல அவர் சொல்றப்பவே கை நின்னுது. அப்புறம் ஏன் மருந்து அடைச்சார்னு சாட்சி சொன்னீங்க?"

சாட்சி யார் என்பது ஜெயம்மாவுக்கு இப்போதுதான் தெரிகிறது.

"கேசு திரும்பினா வெல்டு வெச்சவன் நீதான் உள்ள போவன்னாரு நாகேஷ். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. மைனும் போச்சி. அவனுக்குக் கை போனது போனதுதான்..."

மிச்சம் இதுதான்: போனது போனதுதான், கூடவே அவனும் போகட்டும். இந்துமதி அந்தக் கணக்கைத் தனக்குள் முடித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகும் தினமும் வந்து ஊட்டியிருக்கிறான். நடிப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அது நடிப்பில்லை என்பதுதான் குமட்டியது. அந்தப் பாசமும் நிஜம், அந்தச் சாட்சியும் நிஜம். ஒரே ஆளுக்குள் இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் உட்கார்ந்திருந்தன.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றாள். "அந்த நம்பரைக் குத்தாம விட்டிருந்தா உங்களை யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன் குத்தினீங்க?"

ராஜேந்திரன் தன் கையை முன்னால் கொண்டுவந்து பார்த்தான். "தெரியலம்மா. வேல முடிஞ்சிது. கை தானா பஞ்ச்ச எடுத்துச்சி. குத்தாங்காட்டியும் முடிஞ்ச மாதிரியே தோணல."

அவனுடைய கை பொய் சொல்ல இன்னும் பழகவில்லை. வாய்தான் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது.

உள்ளேயிருந்து சுந்தரராஜின் குரல் வந்தது. "ஜெயா, மச்சான் வந்துட்டாரா? இல்லாத வெரலு நமநமன்னு நமைக்குது. அவர வந்து கொஞ்சம் தடவி உடச் சொல்லு. அவரு கை பட்டாத்தான் அடங்குது."

ராஜேந்திரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஜெயம்மா அவனைத் தூக்கவில்லை. கேரியர் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மூடியை வைத்து, கம்பியை இழுத்து மாட்டினாள். "எழுந்திருண்ணா," என்றாள். "ஸ்டேஷனுக்குப் போலாம். இத்த நானே தூக்கினு வரேன்."

ஆட்டோவில் கிளம்பினார்கள். ராபர்ட்சன்பேட்டையைத் தாண்டும்போது நாகேஷின் கடைவாசலில் ஒரு வேன் நின்றது. பச்சைப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் புலி பாய்ந்துகொண்டிருந்தது. ஸ்கூட்டரில் பின்னால் வந்த மரியகுழந்தை வண்டியை நிறுத்தி வேனின் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

ஸ்டேஷனில் அதே மேஜை, அதே பேப்பர், அதே துப்பாக்கி. ஜெயம்மா கேரியரைத் துப்பாக்கியின் பக்கத்தில், மூடி இன்ஸ்பெக்டரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் மூடியைப் பார்த்தார். குழலைப் பார்த்தார். மறுபடி மூடியைப் பார்த்தார். புள்ளிக்குப் புள்ளி ஒன்று.

"இது யார் வேலை?" என்று கேட்டார்.

மின்விசிறி சுற்றியது. மரியகுழந்தை எதற்கோ காத்திருப்பவர்போல் தலையைக் குனிந்துகொண்டார். கேஜ் கயிறு அறுந்த வருஷங்களில் விசாரணை அறைகளில் இந்தக் கேள்வி அவர் காதில் விழுந்திருக்கக்கூடும்.

"நான், சார்," என்றான் ராஜேந்திரன்.

அதன்பின் எல்லாம் சீக்கிரம் நடந்தது. பழைய சாட்சி வாக்குமூலம் ரத்தாகி, புதிதாக எழுதப்பட்டது. வேனை மறிக்க ஜீப் போனது. நாகேஷ் பாதாம் பால் டம்ளரோடு பிடிபட்டார் என்றும், அது வேற கம்பெனி என்று ஜீப்பில் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் என்றும் கான்ஸ்டபிள் வந்து சொன்னார். சுந்தரராஜ் மேல் வழக்கு இல்லை. ஏஜென்சி நஷ்டஈட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வக்கீலுக்கு போன் செய்தபோது அவர் உற்சாகமாக வாழ்த்தினார். இந்துமதி நன்றி சொன்னாள். நாக்கின் பின்புறத்துப் படலம் இன்னும் போகவில்லை. வடக்கே எங்கோ ஒருவன் இந்நேரம் ராணாகிங் என்ற பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயர் யோசித்துக்கொண்டிருப்பான்.

ஜெயம்மா கிளம்பினாள். வாசல்படியில் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

"கேரியரை நாளைக்கு ஃபோட்டோ எடுத்ததும் திருப்பித் தந்துடறோம்மா. உங்க வீட்டுப் பாத்திரம்."

அவள் திரும்பி நின்றாள். மேஜையைப் பார்த்தாள். கேரியர், துப்பாக்கி, அதற்கப்பால் பெஞ்சில் அண்ணன்.

"வேணா சார்," என்றாள். "என் புருஷனுக்கு அதுல சாப்ட சோறே இன்னும் ஜெரிக்கல."